புது பிளக் போட்டும் நடுக்கம் நிற்கவில்லையா? வால்வைப் பாருங்கள்

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய 1999 ஹோண்டா சிஆர்வி, 2.0 இஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஸ்டீயரிங் வரைக்கும் நடுங்குகிறது, காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் இழுவை இல்லை. பிளக், காற்று ஃபில்டர் இரண்டும் மாற்றியாயிற்று. வீட்டிலேயே டியூனப் செய்யலாமா, பட்டறை போர்மனிடமே விட்டுவிடலாமா?

செய்யலாம். ஆனால் இனிமேல் ஒரு சாமான் வாங்குவதற்கு முன்னால் வால்வ் இடைவெளியை, அதாவது வால்வ் மூடியிருக்கும்போது அதைத் திறக்கும் அமைப்பில் இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளியை, அளந்துவிடுங்கள். உங்கள் காரில் இருக்கும் பி20பி இஞ்சினில் வால்வைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும், அது தானாகச் சரியாகிக்கொள்ளாது. ஓட ஓட எக்ஸாஸ்ட் வால்வ் (புகையை வெளியே விடும் வால்வ்) தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்கும், அதனால் இடைவெளி கூடாமல் குறைந்துகொண்டே வரும். சத்தம் வந்தால்தான் வால்வ் பார்க்க வேண்டும் என்று பட்டறையிலேயே சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை, ஏனென்றால் இறுகிப்போன வால்வ் சத்தமே போடாது. முழுதாக மூடாமல் கம்பிரஷனை (சிலிண்டருக்குள் அமுங்கும் அழுத்தத்தை) கசியவிட்டு, கடைசியில் அதன் விளிம்பே கருகி, இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் செலவில் கொண்டுபோய் விடும்.

இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், 38 டிகிரிக்குக் கீழே என்பதுதான் ஹோண்டாவின் கணக்கு. நம் ஊர் வெயிலில் மத்தியானம் இதைத் தொடவே வேண்டாம், இரவு முழுக்க நிறுத்திவைத்து ஞாயிறு காலையில் ஆரம்பியுங்கள். பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். பிளக்கையும் கழற்றிவிட்டால் இஞ்சினைக் கையால் சுற்றுவது சுலபம். பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றால் அங்குள்ள சீல் போய்விட்டது என்று அர்த்தம். வால்வ் கவரை எப்படியும் திறக்கத்தான் போகிறீர்கள், கேஸ்கெட்டோடு அந்த நான்கு சீலையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இடது முன்சக்கரப் பக்கம் இஞ்சினைச் சுற்ற உதவும் கிராங்க் போல்ட் இருக்கிறது, அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்ற வேண்டும். முதல் சிலிண்டரின் பிஸ்டனை, அதன் வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும் நிலையில், மேலே கொண்டுவந்து அந்த வால்வுகளை அளந்த பிறகு, ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று சுற்றி 3, 4, 2 என்று போங்கள். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு 0.08 முதல் 0.12 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.16 முதல் 0.20. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இல்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே நகர்ந்துவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். எனக்கு முதல் முறை மூன்று மணி நேரம் பிடித்தது, அதில் பாதி இந்த மறு அளவுக்கே போயிற்று.

மற்றது எல்லாம் சின்ன வேலை. பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருக்கிறதா பாருங்கள், புதுப் பிளக்காக இருந்தாலும். வயரை மீட்டரில் வைத்தால் 25 கிலோ ஓமைத் தாண்டக்கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் மூடியையும் ரோட்டரையும் மாற்றுங்கள், ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரையே திருப்பாதீர்கள். டைமிங் லைட் இல்லாமல் அதைத் தொட்டால் இருக்கிற ஒழுங்கும் கெட்டுவிடும். கறுப்பு எண்ணெய் (இஞ்சின் ஆயில்) மாற்றினால் ஃபில்டரோடு 3.8 லிட்டர் போதும். பழைய எண்ணெயைத் தயவுசெய்து வடிகாலில் ஊற்றவேண்டாம், போத்தலில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேளுங்கள். அவருக்கு நினைவில்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு போர்மனிடம் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் இந்த இஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் மோதும்.

அளக்கும்போது ஏதாவது ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜ் நுழையவே இல்லை என்றால், எந்த சிலிண்டர் என்று எழுதிவைத்துக்கொண்டு, வால்வைச் சரிசெய்த பிறகு கம்பிரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அந்த சிலிண்டர் மற்ற மூன்றுக்கும் சமமாக வந்தால் காராக் ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.