பட்டாவில் 13.50 என்றால் பதிமூன்றரை சென்ட் அல்ல

கேள்வி: கும்பகோணம் அருகே என் அப்பா 1971இல் வாங்கிய நன்செய் நிலம் இருக்கிறது. பத்திரத்தில் ‘ஒரு மா’ என்று எழுதியிருக்கிறார்கள். பட்டாவில் ‘0 - 13.50’ என்று இருக்கிறது. விலை பேச வந்த தரகர், “பட்டாப்படி பதிமூன்றரை சென்ட்தான், அதற்குத்தான் பணம்” என்கிறார். மீதி நிலம் எங்கே போனது?

பதில்: எங்கும் போகவில்லை. அவரிடம் இன்னும் முன்பணம் வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

பட்டாவில் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது ஹெக்டேர், வலப்பக்கம் இருப்பது ஏர். சென்ட் அதில் எங்கும் கிடையாது. ஒரு ஏர் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் 2.47. உங்கள் 13.50 ஏரை 2.47ஆல் பெருக்கினால் 33 சென்ட்டுக்குச் சற்று மேலே வரும்.

இப்போது பத்திரத்தைப் பாருங்கள். தஞ்சை வட்டாரத்தில் 100 குழி ஒரு மா. ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. அப்படியானால் ஒரு மா 14,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்தால் இதுவும் 33 சென்ட்தான். பட்டாவில் 130 சதுர அடி போலக் கூடுதலாக இருக்கிறது. பழைய அளவு மெட்ரிக்குக்கு மாறும்போது இவ்வளவு வித்தியாசம் வருவது சகஜம், அதற்குக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது தரகரைப் பற்றி. ஏறக்குறைய 20 சென்ட்டை ஒரே வார்த்தையில் விழுங்கப் பார்க்கிறார். நில அளவை வேலையில் இருந்தபோது இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாங்கும்போது ஏரைச் சென்ட் என்று படிப்பார்கள். அதே நிலத்தை அடுத்தவருக்கு விற்கும்போது 33 சென்ட் என்று சரியாகச் சொல்வார்கள். பெரிய நிலமென்றால் வேறு வித்தை: “ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர்” என்று உருட்டிவிடுவார்கள். உண்மையில் 2.47 ஏக்கர். இங்கே நஷ்டம் வாங்குபவருக்கு, ஹெக்டேருக்கு கிட்டத்தட்ட 1,260 சதுர அடி, அரை கிரவுண்டுக்கும் மேல் (ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி).

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். மேலே சொன்ன குழிக் கணக்கு உங்கள் பக்கத்துக்குத்தான் பொருந்தும். குழி என்பது அளக்கும் கோலைப் பொறுத்தது. கோல் மாறினால் குழியும் மாறும். புதுச்சேரிப் பக்கம் ஒரு குழி சுமார் 576 சதுர அடி, உங்கள் குழியைப் போல நான்கு மடங்கு! அங்கே 100 குழியைக் காணி என்பார்கள், ஏக்கரில் 1.32. வேறு மாவட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் தன் ஊர்க் குழியை வைத்து உங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தால், அதை நம்பி எதிலும் கையெழுத்து போடாதீர்கள். பழைய பத்திரத்தில் குழி என்று கண்டால், எந்த ஊர்க் குழி என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது 1956இல். இன்றும் பட்டாவில் ஏர், பத்திரத்தில் சென்ட், சென்னை விளம்பரத்தில் கிரவுண்ட், வயல்வெளிப் பேச்சில் மா. பட்டாவின் அடியில் ‘1 ஏர் = 2.47 சென்ட்’ என்று ஒரே ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகும்? ஏர் என்றதும் கலப்பை நினைவுக்கு வருகிற விவசாயியிடம் விளக்கமில்லாத ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு, தரகர் ஏமாற்றினார் என்று பிறகு வருந்துவதில் நியாயமில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் உங்கள் புல எண்ணுக்கான புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடத்தை, எடுங்கள். அதில் நீளங்கள் மீட்டரில் இருக்கும்; வயலில் டேப் பிடித்து வரப்புகளோடு ஒப்பிடுங்கள். விலை ஒப்பந்தத்தில் பரப்பை ஏரிலும் சதுர மீட்டரிலும் சென்ட்டிலும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள், எழுத்தாலும் எண்ணாலும். 13.50 ஏர், 1,350 சதுர மீட்டர், 33.36 சென்ட். நான்கெல்லையும் உட்பிரிவு எண்ணும் கட்டாயம் வேண்டும். பத்திரம் எழுதுபவர் “ஏதாவது ஒன்று போதும் சார்” என்றால், நாலு வரி கூடினாலும் பரவாயில்லை, மூன்றையும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள்.