ஆறு வயதுப் பிள்ளை சாரணர் உறுதிமொழி ஏற்பதில் பொருள் உண்டா?

"மகன் அடுத்த மாதம் குருளையர் உறுதிமொழி ஏற்கிறான். பொருள் புரியாமல் ஒப்பிப்பதால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவான குருளையர் குழு ஒன்றை வழிநடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெறுமனே ஒப்பித்தால் பயனில்லைதான். ஆனால் அந்த உறுதிமொழி ஒப்பிப்பதற்காக எழுதப்பட்டதன்று.

1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் நடத்திய முகாம் வளர்ந்த பையன்களுக்கானது. பிறகு அவர்களுடைய தம்பிகளும் சேரத் துடித்தார்கள். அவர்களுக்காக 1916-இல் 'ஓநாய்க்குட்டிகள்' என்ற பெயரில் குருளையர் பிரிவை அவர் தொடங்கினார். சாரணர்களுக்குரிய பத்து விதிகளையும் சின்னஞ்சிறுவர் தலையில் ஏற்றாமல் இரண்டே விதிகளை வைத்தார்: மூத்தவர் சொல் கேட்பது, தன் மனம் போன போக்கில் போகாதிருப்பது. வணக்கத்துக்கும் இரண்டு விரல்தான்; அவை ஓநாய்க்குட்டியின் காதுகள். உறுதிமொழியோ "என்னால் இயன்றவரை" என்று தொடங்குகிறது. பொய்யே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிள்ளை மறுநாளே தோற்றுப்போவான். இயன்றவரை முயல்வதாகச் சொன்னவனோ, தவறினாலும் மறுநாள் மறுபடி முயலலாம். ஆறு வயதுக்கு இது நன்றாகவே புரியும்.

புரியவைக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களைச் சில வாரங்கள் விளையாட விடுகிறோம். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து, "நேற்று யாருக்கு உதவினாய்?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குவேன். விழாவில் எல்லோரும் வட்டமாக நிற்போம். பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொரு வரியாக நான் சொல்ல, அவன் திருப்பிச் சொல்வான். சின்னம் சூட்டி, கழுத்துப்பட்டி அணிவித்து, சாரணர் வழக்கப்படி இடக்கை குலுக்கி வரவேற்போம். சில நிமிடங்கள்தான். கூட்டமாக நிறுத்திக் கோரஸாகச் சொல்லவைப்பதையும், சிறப்பு விருந்தினர் உரைக்காகப் பிள்ளைகளை வெயிலில் காக்க வைப்பதையும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வந்து சேர்ந்த பிள்ளைக்குரிய நாள் அது, மேடைக்குரிய நாளன்று. அவன் தயங்கினால் பழைய குருளையர் ஒருவன் பக்கத்தில் வந்து நிற்பான். அழுதால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அதில் குறையொன்றும் இல்லை.

நீங்கள் வீட்டில் மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். விழா முடிந்தபின், "உறுதிமொழி எடுத்தாயே, இப்படிச் செய்யலாமா?" என்று அதட்டவும் வேண்டாம், அந்த வார்த்தைகளே அவனுக்குக் கசந்துவிடும். சில குழுக்களில் சின்னத்தைப் பெற்றோரே குத்திவிடலாம். உங்கள் குழுவின் தலைவரான அகேலாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.