பேரக்குழந்தையின் பெயருக்குப் பின்னால் எந்தப் பெயர்?

கேள்வி: என் மகன் கவின் அயர்லாந்தில் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட்டில் சர்நேம், அதாவது குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவன் அப்பா பெயர் முருகேசன் என்று இருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரியில் ‘மிஸ்டர் முருகேசன்’ என்று மூன்று முறை கூப்பிட்டும், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கு உறைக்கவில்லையாம். மருமகள் பிரசவத்துக்கு ஈரோடு வந்திருக்கிறாள். குழந்தையின் பெயரோடு கவின் என்று சேர்ப்பதா, முருகேசன் என்றா? சாதிப் பெயரைப் போட்டுவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

பதில்: முதலில், அவசரமே இல்லை. பெயர் எழுதாமலே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். யோசிக்க நேரம் இருக்கிறது.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதை ஒரு குறையாக நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அது குறையே அல்ல. நம்முடையது தகப்பன் பெயர் வழக்கம். ஐஸ்லாந்திலும் இதேதான். யாக்கோப்பின் மகள் கத்ரின் என்றால் கத்ரின் யாக்கோப்ஸ்தோத்திர்; ‘தோத்திர்’ என்றால் மகள். அவர் அந்நாட்டின் பிரதமராக இருந்தபோதும் மக்களுக்குக் கத்ரின்தான். அங்கே தொலைபேசிப் புத்தகத்தைக்கூடச் சொந்தப் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். மங்கோலியர்கள் இன்னும் நெருக்கம். அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளி வைத்து, அப்புறம் தன் பெயரை எழுதுகிறார்கள். அப்படியே நம் இனிஷியல்!

சிக்கல் பெயரில் இல்லை, படிவத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர் தொடரும் ஊர்களில் உருவானது அந்த சர்நேம் கட்டம். இந்தியப் பாஸ்போர்ட்டில் அதைக் காலியாக விடலாம், ஆனால் விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அதையே சர்நேம் ஆக்கி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யூ. என்று அடிக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, சுற்றுலா விசாவில் போகவிருந்த பலர் தவித்தார்கள்.

சரி, கவினா முருகேசனா? ‘கவின்’ என்று போட்டால் நம் வழக்கம் அப்படியே தொடரும். ஆனால் அப்பாவின் சர்நேம் முருகேசன், பிள்ளையுடையது கவின் என்று வேறுபடும். வெளிநாட்டு விமான நிலையத்தில் ‘இது உங்கள் குழந்தையா?’ என்று கேட்கக்கூடும். பிறப்புச் சான்றிதழைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். ‘முருகேசன்’ என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் தாத்தா பெயர் அங்கேயே நிலைத்துவிடும். டென்மார்க்கில் நடந்தது இதுதான். ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவந்த தகப்பன் பெயரை நிலையான குடும்பப் பெயராக்கச் சொல்லி 1828-இல் ஆணை வந்தது. இன்று அங்கே எங்கே பார்த்தாலும் ஜென்சன், நீல்சன், ஹான்சன். என்றோ வாழ்ந்த ஒரு ஜென்ஸின் மகன் என்பதுதான் பொருள்.

குழந்தை அங்கேயே வளரப்போகிறது என்றால் நான் முருகேசனைத்தான் சொல்வேன். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே சர்நேம், பள்ளிக் கோப்பிலும் குழப்பம் இருக்காது. இரண்டு மூன்று வருஷத்தில் ஊர் திரும்புகிற எண்ணம் இருந்தால் கவின் போதும். மருமகளின் பெயரையும் யோசியுங்கள். ஸ்பானியர்கள் அப்பா, அம்மா இருவர் வழிப் பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

சாதிப் பெயர் மட்டும் வேண்டாம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டு, பெரியவர்கள் பெயருக்குப் பின்னாலிருந்து உதறிய ஒன்றை, ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகப் பச்சைக் குழந்தையின் மேல் ஏற்ற வேண்டுமா?

எதை முடிவு செய்தாலும் இனிஷியலாக எழுதாமல் முழுப் பெயராகவே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். முருகேசனுக்கு ஆங்கிலத்தில் எஸ் மட்டும் போடுகிறவர்களும் உண்டு, கூடவே எச் சேர்ப்பவர்களும் உண்டு. மகனின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்து அதே மாதிரி கொடுங்கள்.