மேசையைத் தம்பியிடம் கொடுங்கள்

கேள்வி: கூலிம் ஹைடெக் பார்க்கில் சோதனைப் பிரிவு டெக்னீஷியனாக இருக்கிறேன். வயது 26. சொந்தமாக ஒரு சின்ன பிராசசர் கோர் (சிப்பில் ஆணைகளை நிறைவேற்றும் பகுதி) வடிவமைக்க ஒன்றரை வருடமாக முயற்சி செய்கிறேன். நாமே சர்க்யூட் எழுதி ஏற்றக்கூடிய எஃப்பிஜிஏ சிப் உள்ள டாங் நானோ 9கே போர்டு இரண்டு வாங்கினேன். பல ஆணைகளைக் கட்டம் கட்டமாக ஒரே நேரத்தில் ஓட்டும் ஐந்து நிலை பைப்லைன் பாதியில் நிற்கிறது. "சில வெள்ளிக்கே சிப் கிடைக்கிறதே, இது எதற்கு?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். டிசைன் வேலை கிடைக்க உதவுமா? பின்னாளில் விற்கலாமா? உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் உண்டு. தம்பி இந்த வருடம் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறான், இப்போது குசினியில் படிப்பதால் மேசைக்குப் பிரச்சினை இல்லை. மூன்றாவதாகப் பெரிய போர்டு ஒன்று வாங்கலாமா?
– வாசகர், பாடாங் செராய்

பதில்: வாங்க வேண்டாம். போர்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மேசை.

யாருக்குப் பிரச்சினை இல்லை? எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை தாளிக்கும் நெடியிலும் பாத்திரச் சத்தத்திலும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். அவனாக ஆசைப்பட்டா அங்கே போனான்? சம்பாதிக்கிற அண்ணன் மேசை நிறைய எதையோ பரப்பியிருக்கிறார், கம்பெனி வேலையாக இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் ஒதுங்கியிருப்பார்கள். தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களில் மூத்த பிள்ளைக்கு இந்த மரியாதை கேட்காமலே கிடைக்கும். நீங்கள் அதை வாங்கிக்கொண்டு, ஒரு வரியில் கடந்தும் போய்விட்டீர்கள்.

இத்தனைக்கும் இந்த வேலைக்கு மேசையே தேவையில்லை. உங்கள் போர்டு உள்ளங்கையில் அடங்கும். கோர் எழுதுவதில் பெரும்பகுதி மடிக்கணினிக்குள் சிமுலேஷனிலேயே (போர்டு இல்லாமல் மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பதிலேயே) முடிந்துவிடும். மடியில் வைத்துக்கொண்டு ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்தும் செய்யலாம். அப்படியென்றால் மேசையில் இருப்பது என்ன? இரண்டு போர்டு, ஒயர், மீட்டர், பாதியில் விட்ட பைப்லைன். தெரிந்துகொள்ளும் ஆசை இவ்வளவு இடம் கேட்காது. செய்கிற மாதிரி இருப்பதற்குத்தான் இவ்வளவு இடம் வேண்டும்.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருவோம். விற்பதை மறந்துவிடுங்கள். கோர் எந்தெந்த ஆணைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதி 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். நன்றாகச் சோதிக்கப்பட்ட கோர்களே இலவசமாகக் கிடைக்கின்றன. வேலைக்கு உதவுமா என்றால், கோர் ஓடுகிறது என்பதற்காக யாரும் வேலை தரமாட்டார்கள். "சரியாக ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். எந்தச் சோதனையில் எந்த ஆணை தவறியது, ஏன், எப்படித் திருத்தினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அது பேசும். மிஞ்சுவது தெரிந்துகொள்ளும் ஆசை. மூன்றாம் மாதம் சலிப்பு வரும்போது தாங்குகிற காரணம் அது ஒன்றுதான். ஆனால் அது முழுதாக முடித்த சின்ன வேலையைத்தான் கேட்கும்.

ஆகவே பைப்லைனை ஓரங்கட்டுங்கள். அதில் ஓர் ஆணையின் விடை ரெஜிஸ்டருக்கு (கோர் எண்களை வைக்கும் சிறு இடம்) போய்ச் சேருமுன் அடுத்த ஆணை பழைய மதிப்பை எடுத்துக்கொள்ளும். உங்களுடையது அங்கேதான் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஆணை, அதை நான்கைந்து கிளாக்கில் (கடிகாரத் துடிப்பில்) முடிக்கும் கோர் போதும். போர்டின் 27 மெகாஹெர்ட்ஸில் அதுவே வினாடிக்கு 50 லட்சம் ஆணைகளைத் தாண்டும். ரிஸ்க்-ஃபைவின் அடிப்படையான ஆர்வி32ஐ தொகுதியில் 40 ஆணைகள். ஃபென்ஸ், ஈகால், ஈபிரேக் மூன்றையும் தள்ளிவைத்தால் 37. உங்கள் சிப்பில் 8,640 எல்யூடி (லாஜிக் கட்ட உதவும் சிறு அலகு) இருக்கிறது, கோர் அதில் தாராளமாக அடங்கும். பெரிய போர்டு எதற்கு?

கோரை வெரிலாக் மொழியில் எழுதி, இக்காரஸ் வெரிலாக் என்ற சிமுலேட்டரில் ஓட்டி, ஜிடிகேவேவ் என்ற மென்பொருளில் அலைவடிவத்தைப் பாருங்கள். முதலில் ரெஜிஸ்டரோடு ஓர் எண்ணைக் கூட்டும் ஏடிடிஐ ஒன்று மட்டும். அது சரியானதும் மற்ற கணக்கு ஆணைகள், பிறகு வேறு இடத்துக்குத் தாவவைக்கும் கிளை ஆணைகள், கடைசியில் நினைவகத்தைப் படிக்கும் லோடும் அதில் எழுதும் ஸ்டோரும். கிளை ஆணையில் எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்ற எண்ணின் பிட்கள் வரிசையாக இருக்காது: அதன் 11ஆம் பிட் ஆணையின் 7ஆம் பிட்டில் உட்கார்ந்திருக்கும். இதைத் தவறவிட்டால் முன்னோக்கிய சின்னத் தாவல்கள் சரியாகவே ஓடும். பின்னோக்கிப் போகும் லூப்பில் தெரியாத இடத்துக்குத் தாவும். வெரிலாக்கில் >>> போட்டு வலப்பக்கம் நகர்த்தினாலும், எண்ணை சைன்டு (எதிர்மமாகவும் இருக்கலாம்) என்று சொல்லாவிட்டால் இடப்பக்கம் சுழியம்தான் நிரம்பும். அதனால் எண்ணை வலப்பக்கம் நகர்த்தும் எஸ்ஆர்ஏ ஆணை எதிர்ம எண்களில் தவறும். எக்ஸ்0 என்ற ரெஜிஸ்டரில் எதை எழுதினாலும் அது சுழியமாகவே இருக்க வேண்டும்.

நினைவகத்தில்தான் பலர் விழுகிறார்கள். முகவரி கொடுத்த அதே கிளாக்கில் தரவு வருவதாக எழுதினால் சிமுலேஷனில் அழகாக ஓடும். ஆனால் சிப்பிலுள்ள பிளாக் ராம் என்ற நினைவகம் அடுத்த கிளாக்கில்தான் தரும். நீங்கள் எழுதியபடி அதைப் பயன்படுத்த முடியாமல், எழுதியதைச் சிப்பில் பொருத்தும் கருவி நினைவகத்தை எல்யூடியிலும் ஃபிளிப்-ஃபிளாப்பிலும் (ஒரு பிட் மட்டும் வைக்கும் இடம்) கட்டப் பார்க்கும். நினைவகம் 4 கிலோபைட் என்றால் 32,768 பிட். சிப்பில் இருப்பது 6,480 ஃபிளிப்-ஃபிளாப், எல்யூடியைச் சேர்த்தாலும் போதாது. இடம் போதவில்லை என்று செய்தி வந்ததும் பெரிய போர்டு வாங்கத் தோன்றும். மூன்றாவது போர்டு ஆசை இங்கிருந்து வந்திருந்தால், படிப்பதற்கு ஒரு கிளாக் கூடுதலாகக் கொடுங்கள், பணம் மிச்சம்.

இன்றைக்கே மேசையைத் துடைத்து, விளக்கையும் வைத்து, தம்பியைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அம்மா அப்பாவிடம் இது கம்பெனி வேலை இல்லை, என் ஆசை என்று சொல்லிவிடுங்கள். அவன் கணினி அறிவியல் எடுத்திருந்தால், ஐந்தாம் படிவத்திலேயே லாஜிக் கேட் வருகிறது. வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது உங்கள் கடமை.

போர்டில் ஏற்றுவது கடைசியில். மடிக்கணினிக்கு பிட் பிட்டாக அனுப்பும் யுஆர்ட்டுக்கு, கிளாக்கின் 27,000,000ஐ அனுப்பும் வேகமான 115,200ஆல் வகுத்தால் 234.375, 234 போடுங்கள், போதும். 1 முதல் 10 வரை கூட்டி, விடையை அப்படியே ஒரு பைட்டாக அனுப்புங்கள். திரையில் 55 வராது, 7 வரும். கோர் தவறவில்லை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 55 என்பது 7 என்ற எழுத்தின் எண். அன்று தம்பியிடம் கேட்டு மேசையில் ஓர் ஓரம் வாங்கி, அந்த 7 எப்படி வந்தது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.