64 சதவீதமும் எஞ்சின் இல்லாத விமானமும்

கேள்வி: 509 ராணுவத் தளவாடங்களை இனி வெளிநாட்டில் வாங்க மாட்டோம் என்று மத்திய அரசு ஐந்து பட்டியல் வெளியிட்டது. 2024-25இல் பாதுகாப்பு உற்பத்தி 1.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாம். தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானத்தில் 64 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுப் பங்காம். பிறகு ஏன் அமெரிக்க எஞ்சினுக்குக் காத்துக்கிடக்கிறோம்? எல்லாம் வெறும் அறிவிப்புதானா?
- வாசகர், ஆவடி

பதில்: வெறும் அறிவிப்பு இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் 64 சதவீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். வரி நீங்கலான ஒப்பந்த விலையை எடுத்துக்கொள்கிறார்கள். இறக்குமதிப் பொருளின் விலை, வெளிநாட்டவருக்குத் தரும் சேவைக் கட்டணம், ராயல்டி இவற்றைக் கழிக்கிறார்கள். மிச்சம் உள்நாட்டுப் பங்கு. தொழிலாளர் கூலி, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் அடக்கம். ரூபாய்க் கணக்காக இது சரி. எது வராவிட்டால் வேலை நிற்கும் என்பதை மட்டும் இந்தக் கணக்கு காட்டாது.

தேஜஸில் நின்றது அங்கேதான். அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் தேஜஸுக்கான எஃப்404-ஐஎன்20 ரக எஞ்சின்கள் 65ஐ 2016க்குள் கொடுத்து முடித்தது. அடுத்த ஆர்டர் வரும் அறிகுறி இல்லாததால் அந்த உற்பத்தி லைனை மூடிவிட்டது. 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு நாம் ஒப்பந்தம் போட்டது 2021 பிப்ரவரியில். 99 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்தது அதே ஆண்டு ஆகஸ்டில். மூடிய லைனைத் திறப்பதென்றால் பாகம் தரும் பழைய சப்ளையர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து மறுபடி தகுதிச் சோதனை செய்ய வேண்டும். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். விமானங்களின் ஒப்படைப்பே 2024 மார்ச்சில் தொடங்கியிருக்க வேண்டும். ராடார், ஏவுகணை ஒருங்கிணைப்பும் தாமதமானது உண்மை. ஆனால் எஞ்சின் இல்லாத விமானத்தை ஒப்படைக்கவும் முடியாது.

உங்கள் ஊர்க் கதையும் இதேதான். 2021 செப்டம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் போனது. அதன் 1,400 குதிரைத்திறன் எஞ்சின் ஜெர்மனியின் எம்டியூ நிறுவனத்துடையது. அந்த மாடலின் தயாரிப்பு அதற்குள் அங்கே நின்றுபோயிருந்தது. நூற்றுச் சொச்சம் எஞ்சினுக்காக எந்த நிறுவனம் அவசரப்படும்?

எஞ்சினை நாமே செய்தால் என்ன என்பீர்கள். தேஜஸுக்காக உள்நாட்டில் உருவாக்கத் திட்டமிட்ட காவேரி எஞ்சினுக்கு ஒப்புதல் 1989இல் கிடைத்தது. 2008இல் அதைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். எடுத்துக்கொண்ட வேலை அவ்வளவு கடினம். டர்பைன் பிளேடின் மீது பாயும் வாயு, அந்த உலோகம் உருகும் வெப்பத்தைவிடச் சூடானது. பிளேடுக்குள் நுண்துளைகள் விட்டுக் காற்றைச் செலுத்திக் குளிரவைக்க வேண்டும். சாதாரண வார்ப்பில் படிகங்கள் சேரும் எல்லைகளில் உலோகம் மெல்ல மெல்ல நீண்டு விரிசல் விடும். அதனால் பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். இதெல்லாம் பலமுறை செய்து, உடைத்துப் பார்த்து, மறுபடி செய்தால் மட்டுமே கைவரும். அப்படி உடைத்துப் பார்க்க நம்மிடம் சோதனை வசதிகள் போதவில்லை. புது எஞ்சினை மாட்டிப் பறந்து பார்க்கும் சோதனை விமானம் இல்லாததால் 2010இல் காவேரியை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் இல்-76 என்ற சரக்கு விமானத்தில் மாட்டிச் சோதித்தார்கள்.

விக்ராந்த் விமானம் தாங்கிக் கப்பலின் எஃகு வேறு கதை. ரஷ்ய எஃகு வராமல் போனபோது டிஎம்ஆர்-249 என்ற எஃகு ரகத்தை ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் உருவாக்கியது, பொதுத்துறை எஃகு நிறுவனமான செயில் உருக்கியது. அந்த ஒரு கப்பலுக்கே சுமார் 30,000 டன். கடற்படை அடுத்தடுத்த கப்பல்களுக்கும் அதையே கேட்டது. உலை சூடாறவில்லை. எஃகில் ஜெயித்து எஞ்சினில் தோற்றதற்கு ஒரே காரணத்தைச் சொல்லச் சொன்னால், விடாமல் வந்த இந்த ஆர்டரைத்தான் சொல்வேன்.

கோவையிலும் ஓசூரிலும் இருக்கும் சிறு பட்டறைகளின் குறையும் ஆர்டர்களுக்கு நடுவே விழும் இடைவெளிதான். இறக்குமதியாகும் பாகங்களை உள்நாட்டில் செய்யச் சொல்லிப் பட்டியலிடும் அரசின் ஸ்ரீஜன் இணையதளத்தில் ஒரு பாகத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். டை எனும் அச்சு, ஜிக் எனும் பிடிப்புக் கருவி, சோதனை எல்லாம் கைக்காசு. தரச்சான்று வாங்கி முடித்தால் ஆண்டுக்குச் சில பத்து எண்ணிக்கை, அடுத்த ஆண்டு மறுபடி டெண்டர், குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். முதலில் செய்து பழகியவர் வெளியே. பாதுகாப்புத் துறைப் புதுமைகளுக்கான ஐடெக்ஸ் திட்டம் அடிப்படைப் பிரிவில் தரும் ஒன்றரைக் கோடி ரூபாய் வரையிலான மானியம், முன்மாதிரி ஒன்றைச் செய்து காட்ட உதவும்; ஐந்து ஆண்டு பட்டறையை ஓட்ட உதவாது.

ஆகவே நான் அரசிடம் கேட்பது ஆறாவது பட்டியலை அல்ல. டாங்கிக்கான 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு எஞ்சின் 2024 மார்ச்சில் பொதுத்துறை நிறுவனமான பெமலின் மைசூரு ஆலையில் முதல்முறையாக இயக்கிக் காட்டப்பட்டது. அது சோதனைகளில் தேறினால் எத்தனை வாங்குவோம், எந்த ஆண்டிலிருந்து வாங்குவோம் என்று ராணுவம் இப்போதே எழுதிக் கொடுக்கட்டும்.