கோடை விடுமுறையைச் சென்னையின் கர்நாடக இசை மாணவர்களும் ஆசிரியர்களும் எவ்வாறு கழிக்கிறார்கள்?

மார்கழி கச்சேரிக்குரிய மாதம் என்றால், சித்திரையும் வைகாசியும் பாடாந்தரத்தை, அதாவது குருவிடம் கற்றுவைத்த பாடல்களின் தொகுதியை, பெருக்கிக்கொள்ளும் மாதங்கள்; பள்ளி விடுமுறை என்பதால், வாரம் இருமுறை மட்டும் மயிலாப்பூருக்கு வந்துபோகும் மாணவர் தினமும் காலையில் குருவின் எதிரே அமர்ந்து வர்ணம் என்னும் பயிற்சிப் பாடல் ஒன்றையே மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) பாடிப் பழக முடிகிறது. மேடைக்கும் குறைவில்லை: ராமநவமி உற்சவங்களில், பானகமும் நீர்மோரும் வழங்கும் இடத்தருகே, இளையவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். ஆசிரியர்கள் சிலர், 1978-இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்காக அமெரிக்கா சென்று, சில வாரங்கள் தங்கிக் கச்சேரி செய்வதோடு வகுப்பும் எடுக்கிறார்கள். அவர்களுடைய சென்னை மாணவர்களுக்கு இணையவழிப் பாடம்தான் (நேரில் கேட்பதற்கு அது ஈடாகாது என்பேன்). வீணை பயில்வோருக்கு மட்டும் கூடுதல் தொல்லை உண்டு: கத்திரி வெயிலில் மெட்டுகளை (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகளை) தாங்கும் மெழுகு இளகினால் ஸ்வரஸ்தானம், அதாவது ஸ்வரம் ஒலிக்கவேண்டிய சரியான இடம், பிசகும், ஆதலால் வாத்தியத்தைச் சன்னலோரம் வைக்காதீர்கள்.