பட்டா வாகனத்தில் பூட்டிய லைற் மழையில் எரிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: மரக்கறி ஏற்றும் பட்டா வாகனம் வைத்திருக்கிறேன். விடியப்புறம் சாமான் ஏற்றி இறக்க வசதியாகக் கூரையில் ஒரு எல்.ஈ.டி. பாரும் பின்பெட்டியில் இரண்டு லைற்றும் புரட்டாதிக் கடைசியில் ஒரு கராஜில் பூட்டுவித்தேன். ‘ஐபி 67, மழை ஒன்றும் செய்யாது’ என்றார்கள். ஐப்பசி மழையில் வயர் எரிந்துவிட்டது. ‘மின்சாரச் சாமானுக்கு வொறன்ரி இல்லை’ என்கிறார் உரிமையாளர். கூரை லைற்றுக்குப் பொலிஸ் தண்டமும் எழுதிவிட்டது. இரண்டையும் அவரிடம் அறவிடலாமா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: வயர் எரிந்த நட்டத்தைக் கேட்கலாம். தண்டத்தைக் கேட்க முடியாது.

எரிந்த வயரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், உங்கள் சாட்சியே அதுதான். ஐபி 67 என்றால் தூசு புகாது, ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. ஆனால் அந்தத் தரம் லைற்றின் கூட்டுக்கு மட்டும். அதை வாகன வயரோடு இணைத்த மூட்டு கராஜ்காரரின் கைவேலை. மூட்டில் வெறும் ரேப் மட்டும் சுற்றியிருந்தால், பற்றறிக்குப் பக்கத்தில் பியூஸ் போடாமல் வயர் இழுத்திருந்தால், பிழை வேலையில் இருக்கிறது. அப்போது ‘சாமானுக்கு வொறன்ரி இல்லை’ என்ற கதை எடுபடாது. வேறொரு வாகன இலக்ட்ரீசியனுக்குக் காட்டி, படம் எடுத்து, அவர் கண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வேன், போடும் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் வாயால் சொல்லாவிட்டாலும் உண்டு. அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத்தில், வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்குத் தைப்பொங்கலுக்கு முன்னரே காலம் முடிந்துவிடும். ‘நாளைக்கு வாங்கோ’ என்பதை நம்பி இந்தத் தவணையைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். வழக்குப் போடுவதற்கு, எழுத்தில் இல்லாத ஒப்பந்தமென்றாலும் மூன்று வருடம் உண்டு. ஆனால் இந்த அளவு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். எனக்கு அதில் குறை இல்லை. உள்ளூர்க் கராஜ்காரர்கள் அங்கே வந்து பெரும்பாலும் பேசித் தீர்ப்பார்கள்.

தண்டம் வேறு கதை. யார் பூட்டினாலும் வீதியில் ஓட்டியவர் நீங்கள். 2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீ லங்கா திட்டத்தோடு பொலிஸார் மேலதிக லைற்றுகளைத் தேடித்தேடிப் பிடித்ததும் தெரிந்த விசயம். கூரை பாரைக் கழற்றிவிடுங்கள். பின்பெட்டி லைற்றுகளுக்குத் தனி சுவிட்ச் வைத்து, வாகனம் நிற்கும்போது மட்டும் போடுங்கள். ஓடும்போது போட்டால் பின்னால் வருபவரின் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடிக்கும்.

முழுக் காப்புறுதி இருந்தால், லைற் பூட்டிய விசயத்தை மறைக்காமல் கம்பனிக்குச் சொல்லுங்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால், அதையே சாட்டாக வைத்துக் கோரிக்கையை நிராகரிக்கலாம்.

கராஜுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். வயறிங் திருத்தும் செலவு, பின்பெட்டி லைற்றுகளின் விலை, வாகனம் ஓடாத நாட்களின் வருமானம் ஆகியவற்றைப் பில் துண்டுகளோடு கேளுங்கள். தண்டம் வாங்கித் தந்த கூரை பாரின் விலையை அதில் சேர்க்காதீர்கள். மற்றக் கோரிக்கைகளையும் அது பலவீனமாக்கிவிடும்.